ஆயாக்கொட்டாயின் பின்வாசல்

போன மாதம் ஒரு மத்தியானம் தேவிகா என்றொரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். மலைமேல் இருக்கிற பிரிஞ்சாங் டவுனில் புதிதாகத் திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். இருபத்திரண்டு வயது இருக்கும். குளிருக்குப் போட்டிருந்த சட்டையின் தோளில் ஏதோ ஒரு பிள்ளையின் மூக்குச்சளி காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"ஆன்ட்டி, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் எஸ்டேட்ல ஆயாவா இருந்தீங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லித் தாங்க லா. காலைல அம்மாக்காரங்க விட்டுட்டுப் போறப்ப புள்ளைங்க அழுவுற அழுகைய என்னால தாங்க முடியல. உங்க கொட்டாயில புள்ளைங்க அழவே மாட்டாங்களாமே? எப்படி ஆன்ட்டி நிறுத்துனீங்க?"

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், பிஸ்கட் வைத்தேன், கால்வலியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி அவளை அனுப்பிவைத்தேன். நல்ல பெண். ஏமாற்றத்தை முகத்தில் காட்டாமல் போனாள். அவள் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது. வாயால் சொல்லத்தான் துணிவு வரவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சரஸ்வதி. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு தேயிலைக் கொழுந்து பறித்தேன். கல்யாணமாகி என் பிள்ளை பால் மறந்த பிறகு, இருபத்தைந்து வயதில், தோட்டத்து ஆயாக்கொட்டாயில் வேலை கிடைத்தது. வேலைக்காட்டுக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு வாரம் பாக்கியம் அக்காவின் பின்னாலேயே நின்றேன். மூன்றாவது வாரம் என் இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளை.

பாக்கியம் அக்கா எங்கள் பெரிய ஆயா. ஒல்லியான உடம்பு, வெற்றிலை போடாத வாய், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் கோபப்பட்டால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் புடவை முந்தானையைக்கூட ஒழுங்காகச் செருகக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளை எண்ணும்போது விரல் நீட்டி எண்ண மாட்டார், கண் பட்டுவிடுமாம். ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்.

காலை ஆறு மணிக்குப் பெரட்டு. ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எந்த மலைக்கு யார் என்று பிரித்துவிடுவார்கள். அதற்கு முன்னால், இன்னும் பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, தாய்மார்கள் போர்வைச் சுருளோடு எங்கள் முன்வாசலில் வந்து நிற்பார்கள். பாக்கியம் அக்கா புறங்கையைப் பிள்ளையின் கழுத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். வாயைத் திறந்து பார்ப்பார். விரல் இடுக்குகளை விரித்துச் சிரங்கு இருக்கிறதா என்று பார்ப்பார். பால் போத்தலிலும் பிள்ளையின் மணிக்கட்டிலும் ஒரே நிறத்தில் நூல் கட்டுவார். வீட்டிலிருந்து எந்தத் துணி வந்தாலும் அதை உடனே சுடுதண்ணீரில் மருந்து ஊற்றி அலசிவிட வேண்டும். சிரங்கு ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்பதால் இதில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இதெல்லாம் முடிந்ததும் பிள்ளை என் கைக்கு வரும். நான் அதைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கத்து ஜன்னலுக்குப் போவேன். ஜன்னலுக்கு வெளியே கோழிக்கூண்டு. "கோழி பாரு, கோழி பாரு" என்பேன். பிள்ளை கோழியைப் பார்க்கிற நேரத்தில் தாய் சுவரோரமாக நடந்து, அடுப்படியைக் கடந்து, பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். பிள்ளை திரும்பும்போது தாய் இருக்க மாட்டாள். கதவு கிறீச்சென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று பின்கதவின் கீலுக்குத் திங்கட்கிழமைதோறும் தேங்காயெண்ணெய் விடுவோம். அந்த வேலை என்னுடையது.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். பாக்கியம் அக்கா பிள்ளையின் கோவணத்தை மடித்துக்கொண்டே சொன்னார்.

"அழுகச் சத்தம் காதுல இருக்கறப்ப மலை ஏறக் கூடாது சரசு. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தி அப்படித்தான் போனா. புள்ள அழுவுதே அழுவுதேன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஏறுனா. கூடையோட சறுக்கி விழுந்து இடுப்பு போச்சு. அதுக்கப்புறம் எந்திரிக்கவே இல்ல."

அது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் சட்டமாகிவிட்டது. வேலைக்குக் கிளம்புகிறவளின் முன்னால் பிள்ளை அழுதால் அபசகுனம். அதனால் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமே இல்லை. "மூணு நாள் அழுவும், நாலாம் நாள் பழகிடும்" என்பது பாக்கியம் அக்காவின் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். எங்கள் கொட்டாயில் அழாத பிள்ளைக்குத்தான் முதல் போத்தல்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். நாளாக ஆகப் பிள்ளைகளுக்குக் கோழி என்றாலே ஆகாமல் போய்விட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினாலே, தாய் பக்கத்தில் நிற்கும்போதே, வீறிட ஆரம்பித்துவிடும். ரொட்டிக்காரர் மோட்டார் ஹாரன் அடித்தால் ரொட்டி கண்ணில் படுவதற்கு முன்பே வாயில் எச்சில் ஊறுகிறதல்லவா, அதே போலத்தான். கோழி என்றால் அம்மா போகப் போகிறாள். அதை நாங்கள்தான் பழக்கினோம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கோழியை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் பூனையைக் காட்டினோம்!

புதன்கிழமைதோறும் தோட்டத்து மருத்துவ உதவியாளர் வருவார். நாங்கள் டிரஸர் என்போம். வாசலில் நின்று காது கொடுப்பார். "இந்த மலையிலேயே ஒங்க கொட்டாய்தான் கோயில் மாதிரி அமைதியா இருக்கு" என்பார். பாக்கியம் அக்கா ஓய்வு பெற்று நான் பெரிய ஆயாவான பிறகும் அதையே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன். புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் யார்? நான் நன்றாகவே மயங்கினேன்.

கோகிலா வந்தது அந்தக் காலத்தில்தான். இரண்டு வயதும் சில மாதமும். அவள் தாய் செல்வி கொழுந்து பறிக்கிறவள், தகப்பன் லோரி ஓட்டுகிறவர். கோகிலா பாக்கியம் அக்காவின் கணக்கை உடைத்தாள். மூன்று நாளில் நிற்கவில்லை, பதினோரு நாள் அழுதாள். அடிவயிற்றிலிருந்து வரும் அழுகை. ஆலைச் சங்கு தோற்றது போங்கள். நாங்கள் அவளுக்குச் சங்கு என்றே பேர் வைத்தோம். செல்வியும் சொன்னதைக் கேட்கிற ஆள் இல்லை. காலைத் தேத்தண்ணி நேரத்தில் மலையிலிருந்து ஓடி இறங்கி வந்து வேலிப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். நான் விரட்டிவிடுவேன்.

"பாத்தா மறுபடி ஆரம்பிச்சிடுவா செல்வி. ஏன் நீயே கெடுக்கற?"

"சும்மா தூங்குறாளான்னு பாக்க வந்தேன்க்கா."

"தூங்குறா, தூங்குறா. போ."

பன்னிரண்டாம் நாள் கோகிலா அழவில்லை. அதற்குப் பிறகு சாயங்காலம் நாலு மணிக்குத் தாயைக் கண்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள், முகத்தைப் பாவாடையில் தேய்ப்பாள், சில நாள் கோபத்தில் ஒரு அடியும் வைப்பாள். இதெல்லாம் நல்ல அறிகுறி என்று இப்போது தெரிகிறது. அப்போது அடங்காத பிள்ளை என்று நினைத்தேன்.

ஏழெட்டு மாதம் போனது. செல்விக்கு வயிற்றில் வலி என்றார்கள். பிறகு கட்டி என்றார்கள். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் ஆபரேசன் செய்வதென்று முடிவானது. கிளம்பிய காலையில் அவள் பெரட்டுக்குப் போகிற உடையில் வரவில்லை. ஊதா நிறத்தில் நல்ல சேலை கட்டியிருந்தாள். சேலைக்கு மேல் குளிருக்கு ஆண்பிள்ளைச் சட்டை. தோட்டத்து வேன் மேலே ரோட்டில் நின்றது. அவள் கணவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

வழக்கம்போல் நான் பிள்ளையை வாங்கி உதவிக்கு இருந்த பெண்ணிடம் கொடுத்து ஜன்னலுக்கு அனுப்பினேன். செல்வி சுவரோரமாக நடந்தாள். அடுப்படியில் நின்றுவிட்டாள்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேனே."

"என்னத்த சொல்லப் போற?"

"அம்மா ஈப்போவுக்குப் போயிட்டு வர்றேன்னு. வர்றதுக்குக் கொஞ்ச நாளாகும், ஆனா வந்துடுவேன்னு. அவளுக்குப் புரியும்க்கா. எல்லாம் புரியுது இப்ப அவளுக்கு."

"வேணாம் செல்வி. நீ சொன்னா அவ கத்துவா. நீ போறது ஆபரேசனுக்கு. அழுகையோட கெளம்புனா நல்லதுக்கில்ல. பத்து நாள்ல வந்துடப் போற. சத்தமில்லாம போயிடு."

அவள் பின்வாசல் நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னலோரம் கோகிலாவின் பின்தலை தெரிந்தது, இரண்டு குடுமி போட்டிருந்தாள். செல்வி அதையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மேலே வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் குளிருக்குத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். கூடை கட்டும்போது தலையில் போட்டுக்கொள்கிற துணி அது. அதை என் கையில் வைத்தாள்.

"இத அவகிட்ட குடுங்கக்கா. இத மூஞ்சில போட்டுக்கிட்டாத்தான் தூங்குவா."

பிறகு பின்வாசல் வழியாகப் போனாள். கதவு சத்தம் போடவில்லை. அந்தத் திங்கட்கிழமையும் நான் எண்ணெய் விட்டிருந்தேன்.

அந்தத் துணியை நான் என்ன செய்தேன்? வீட்டிலிருந்து வந்த துணி. சட்டப்படி சுடுதண்ணீரில் போட்டேன், மருந்து ஊற்றினேன், கசக்கி அலசி வெயில் வந்ததும் காயப்போட்டேன். மத்தியானம் தூங்கவைக்கும்போது கோகிலாவிடம் கொடுத்தேன். ஆசையாக வாங்கினாள். முகத்தில் வைத்தாள். எடுத்தாள். திருப்பி இன்னொரு பக்கத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு அதைப் பாயின் ஓரத்தில் மெதுவாக வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிடிவாதக்காரி என்று நினைத்தேன். ஒரு தாய் விட்டுப்போன வாசனையை நானே கொதிக்க வைத்து ஓடையில் ஊற்றினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள். நாலு மணிக்கு மற்றத் தாய்மார்கள் வரும்போது முன்புபோல் வாசலுக்கு ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தாள். தகப்பன் வந்து தூக்கினால் போனாள். டிரஸர் பார்த்துவிட்டு, "அம்மா இல்லாமயே இவ்வளவு நல்லா பழகிட்டாளே" என்றார். எனக்குப் பெருமை.

அந்த நாட்களில் அவள் ஒரு விளையாட்டு விளையாடுவாள். காலிப் பால் டின் ஒன்றை எடுத்துப்போய் ஜன்னலுக்குக் கீழே வைப்பாள். அதை ஜன்னலைப் பார்த்தமாதிரி திருப்பி வைப்பாள். பிறகு சுவரோரமாகக் கால் எடுத்துவைத்து நடந்து, அடுப்படியைக் கடந்து, பின்வாசலுக்கு வெளியே போய் நின்றுகொள்வாள். டின்னை எடுக்கத் திரும்பி வர மாட்டாள். இப்படியே ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டு தடவை. சாயங்காலம் கூட்டும்போது நாங்கள்தான் டின்னை எடுத்து வைப்போம். பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். "ஆயா வேலைக்கு ஆள் ரெடி" என்று கேலி வேறு.

செல்வி ஈப்போவிலேயே இறந்துபோனாள். வயிற்றைத் திறந்து பார்த்து மூடிவிட்டார்களாம். உடலைக் கொண்டுவந்த அன்று பிள்ளை பார்க்க வேண்டாம், பயந்துவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதனால் கோகிலா கொட்டாயிலேயே என்னோடு இருந்தாள். சாவு மேளம், தப்புச் சத்தம் கேட்டது. மேலே ரோட்டில் பாடை போனது. நான் என்ன செய்தேன்? அவளைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். "கோழி பாரு" என்றேன். அவள் முரண்டு பிடிக்கவில்லை. பார்த்தாள். நான் இறக்கிவிடும் வரைக்கும் கோழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மாதம் திரிங்காப்பிலிருந்து அவள் அத்தை வந்து, காய்கறித் தோட்டத்துப் பக்கம் தன்னோடு வளர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். முன்பின் பழகாத மனுஷி. கோகிலா அவர் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. "பாருங்க, எப்படிப் பழக்கி வச்சிருக்கேன்" என்று நான் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

வருஷங்கள் போயின. எனக்கு ஐம்பத்தைந்து வயதானபோது, ஆயாக்கள் எல்லாருக்கும் இனி சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி, தானா ராத்தாவில் மூன்று வாரப் படிப்புக்கு அனுப்பினார்கள். சின்னச் சின்னப் பெண்களுக்கு நடுவில் மூக்குக்கண்ணாடியோடு நான். ஈப்போவிலிருந்து வந்த தமிழ் டீச்சர் மனோதத்துவம் நடத்தினார். முதல் நாள் அந்த வார்த்தையைக் கேட்டதும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி விஷயம் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் டீச்சர் ஒரு கைக்குழந்தையை வகுப்புக்குக் கொண்டுவரச் செய்தார். பந்தைக் காட்டினார், அதன் மேல் துணியைப் போட்டார். குழந்தை தேடவே இல்லை, வேறு பக்கம் பார்த்தது.

"இந்த வயசுக்குக் கண்ணுல படாதது இல்லாதது. இன்னும் கொஞ்ச மாசத்துல துணிய இழுத்துப் பாக்கும். மறஞ்சாலும் இருக்குன்னு அப்பதான் கத்துக்குது. அதே மாதிரிதான் அம்மாவும். அம்மா போனாலும் இருக்காங்க, வருவாங்கன்னு ஒவ்வொரு நாளும் போயி, சொன்ன நேரத்துக்கு வந்து வந்து, புள்ளைக்குக் கத்துக் குடுக்கணும். சொல்லாம மறஞ்சி போனா புள்ள என்ன கத்துக்கும்? நாம திரும்புனா ஆள் காணாம போயிடுவாங்கன்னு கத்துக்கும்."

நான் கை தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் கை தூக்கியதில்லை.

"டீச்சர், அம்மா போறப்பவும் அழல, மத்தவங்க அம்மா வர்றப்பவும் வாசலப் பாக்கல. அப்படி ஒரு புள்ள. அது பழகிடுச்சின்னுதானே அர்த்தம்?"

"எல்லாப் புள்ளையும் ஒண்ணு இல்லம்மா. சில புள்ளைக்குச் சுபாவமே அமைதி. ஆனா முன்ன நல்லா அழுத புள்ள திடீர்னு நிறுத்துனா யோசிக்கணும். அழுகைன்னா கூப்புடுறதும்மா. கூப்புட்டா யாராச்சும் வருவாங்கன்னு நம்புற புள்ளதான் கூப்புடும்."

நான் எழுந்து கழிப்பறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வகுப்பு முடிந்து பெண்கள் தேடி வரும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

திரும்பி வந்ததும் பின்கதவைப் பூட்டினேன். தாய்மார்கள் எல்லாரும் முன்வாசலில் நின்று, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "அம்மா வேலைக்குப் போயிட்டு வர்றேன், நாலு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன். வீட்டிலிருந்து வரும் ஒரு துணியை வேகவைக்காமல் பிள்ளையோடு விட்டேன். சண்டை வந்தது. அழுகையோடு மலை ஏற வைக்கிறாளே பாவி என்று இரண்டு பேர் என் வீட்டு வாசலில் வந்து கத்தினார்கள். கொட்டாய் சந்தைக்கடை ஆனது. புதிய டிரஸர் காதைப் பொத்திக்கொண்டு மேலே புகார் எழுதினார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். சில வாரத்தில் அழுகை தானாகவே குறைந்தது, நாலு மணிக்குப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றன. நான் சிரித்த முகத்தோடு இருந்தாலும் உள்ளுக்குள் ஒரே எண்ணம்தான். ஒருத்திக்கு மட்டும் யாரும் நாலு மணிக்கு வரவில்லை.

கோகிலா வளர்ந்து தானா ராத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அத்தை அவளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்ததையும் கேள்விப்பட்டேன். "ஒங்கம்மா ஒன்ன திரும்பிக்கூடப் பாக்காம போனா. கொட்டாயில போட்டுட்டுப் பின்வாசல் வழியா போயிட்டா." பின்வாசல் வழியாகப் போனதைத் தோட்டமே பார்த்தது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் ஒருத்திதான் பார்த்தேன். அந்தத் தாயின் மேல் விழுந்த பழியை எடுக்கிற வாய் உலகத்தில் என் வாய் ஒன்றுதான். அந்தப் படிப்புக்குப் பிறகும் அதை ஏழு வருஷம் மூடி வைத்திருந்தேன். பசாருக்குப் போனால் அந்தக் கடை இருக்கிற பக்கம் போகாமல் ரோட்டைக் கடந்து மறுபக்கம் நடப்பேன். கோழை என்றால் அதற்கு மேல் கோழை கிடையாது.

தேவிகா வந்து போன மறுநாள் வியாழக்கிழமை. பஸ் ஏறிப் போனேன். மூன்று மணி, கடையில் கூட்டம் இல்லை. செல்வியின் நெற்றி, செல்வியின் நடை. மேசையைத் துடைத்துவிட்டு, "என்ன குடிக்கிறீங்க ஆன்ட்டி?" என்றாள்.

"நான் சரசு ஆயா. நீ கொட்டாயில இருந்தப்ப ஒன்னப் பாத்துக்கிட்டவ. ஒங்கம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஒக்காருறியா?"

உட்கார்ந்தாள். எழுதியிருப்பதைப் போலவே எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அவள் ஒரு பக்கமும் திரும்பாமல், மேசை மேல் இருந்த சாஸ் போத்தலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல ஆயா. அம்மா மொகம்கூடப் போட்டோவுல பாத்ததுதான்."

"ஒனக்கு ஞாபகம் இருக்காதும்மா. அதான் எனக்கு இருக்கு. சொல்லிட்டுப் போறேன்னுதான் அவ நின்னா. நான்தான் விடல. ஒங்கம்மா மேல எந்தத் தப்பும் இல்ல."

"எவ்வளவு நேரம் நின்னாங்க?"

"வேன் ஹாரன் அடிக்கிற வரைக்கும்."

அவள் சாஸ் போத்தலின் மூடியைத் திருகி இறுக்கினாள். ஏற்கனவே இறுகித்தான் இருந்தது.

"அந்தத் துணி என்ன கலரு?"

நான் வாயைத் திறந்தேன். நீலம் என்று சொல்லியிருக்கலாம். பூப்போட்டது என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் இன்னொரு பொய் வேண்டாம் என்று நினைத்தேன்.

"தெரியலம்மா. நான் தொவச்சதுக்கப்புறம் வெளுத்துப் போயிருந்ததுதான் ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்ன சரியாப் பாக்கல."

"இப்ப எங்க?"

"அதுவும் தெரியல. வேற எந்தப் புள்ளைக்காச்சும் மடிச்சிக் கட்டியிருப்போம்."

அவள் தலையை ஆட்டினாள். "தேத்தண்ணி கொண்டாறேன்" என்று எழுந்து அடுப்படிக்குள் போனாள். நான் காத்திருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சுற்றுலாக்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டே போய்விட்டார்கள். கடைசியில் சமையல்கார அம்மா ஒரு தேத்தண்ணியோடு வந்தார்.

"கோகிலாவா? அவ பின்வாசல் வழியா எப்பவோ போயிட்டாளே ஆன்ட்டி. அவ அப்படித்தான் லா. வேல முடிஞ்சா ஒருத்தர்கிட்டயும் சொல்லிட்டுப் போக மாட்டா. இங்கன்னு இல்ல, கட்டிக்கிட்ட புருஷன்கிட்ட இருந்தும் அப்படித்தான் வந்தாளாம்."

அடுப்படிக்கு அப்பால் பின்கதவு திறந்து கிடந்தது. அதன் வழியாகப் பனி தெரிந்தது. நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். எழுந்து அந்த அம்மாவிடம் சொன்னேன்: "அவ வந்தா சொல்லுங்க. சரசு ஆயா போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்கன்னு. அடுத்த வியாழக்கெழம மூணு மணிக்கு வருவாங்கன்னு."

தேவிகா, நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். அழுகையை நிறுத்தாதே. தாய்மார்களை, எத்தனை மணிக்கு வருவோம் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகச் சொல். சொன்ன நேரத்துக்கு வரச் சொல். இடையில் அழுதால் தூக்கி வைத்துக்கொள். காது வலித்தால் வலிக்கட்டும்.

அதற்குப் பிறகு நான் மூன்று வியாழக்கிழமை போய்விட்டேன். சரியாக மூன்று மணிக்கு. மூன்று தடவையும் அவள் இல்லை. மூன்று தடவையும் முன்வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கடைசித் தடவை சமையல்கார அம்மா, "போன வாரம் நீங்க எத்தன மணிக்கு வந்தீங்கன்னு அவ கேட்டா ஆன்ட்டி, அவ்வளவுதான், வேற ஒண்ணும் பேசல" என்றார். என்னைப் பார்க்கவா, பார்க்காமல் இருக்கவா, எதற்காகக் கேட்டாளோ தெரியவில்லை. நாளை வியாழக்கிழமை. மதியம் ஒன்றரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.